பனியிலும் ஊரைவிட்டுப் போகாத ஓசனிச்சிட்டு

சியாட்டிலில் டிசம்பர் கடைசி வாரம் சூரியன் காலை எட்டு மணியை ஒட்டித்தான் எழும், மாலை நாலு இருபதுக்கெல்லாம் அடங்கிவிடும். பகல் எட்டரை மணி நேரம்கூடத் தேறாது. மிச்சமுள்ள பதினைந்து பதினாறு மணி நேர இருட்டில் பூ கிடையாது, பூச்சி கிடையாது, கடுங்குளிர் நாட்களில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே. அந்த இரவை நாலரை கிராம் எடையுள்ள ஒரு பறவை, அதாவது ஏறக்குறைய ஒரு இரண்டு ரூபாய் நாணயத்தின் எடைதான், ஒருவாய்கூடச் சாப்பிடாமல் கடந்து, விடிந்ததும் என் பால்கனியில் தொங்கும் ஃபீடரில், அதாவது பறவைக்குச் சீனித் தண்ணீர் ஊற்றி வைக்கும் குப்பியில், அலகை விட்டுப் பார்க்கிறது. உள்ளே தண்ணீர் ஐஸாகிக் கிடக்கிறது. டொக் டொக் என்று ஒரு சத்தம். நான் இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்தில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் காபியோடு நின்று அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் இதைப் பற்றியெல்லாம் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் பேர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஹம்மிங்பேர்டைத் தமிழில் நிறையப் பேர் தேன்சிட்டு என்றே எழுதுகிறார்கள். நம்மூர் முருங்கைப் பூவிலும் செம்பருத்தியிலும் தொங்குகிற தேன்சிட்டு வேறு குடும்பம், இரண்டுக்கும் கிட்டத்தட்ட உறவே இல்லை. ஹம்மிங்பேர்டு அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான் உண்டு, அதற்குத் தமிழில் ஓசனிச்சிட்டு என்றொரு நல்ல பேரும் இருக்கிறது. தேன்சிட்டு பெரும்பாலும் கிளையைப் பிடித்து உட்கார்ந்துதான் குடிக்கும். ஓசனிச்சிட்டு காற்றில் நின்றபடியே குடிக்கும். இந்த நிற்பதற்கு ஆகும் செலவுதான் குளிர்காலத்தில் அதன் தலைவலி.

நான் சொல்லும் பறவை அன்னா ஓசனிச்சிட்டு. 1829இல் ரெனே லெஸ்ஸோன் என்ற பிரெஞ்சு இயற்கையாளர் ரிவோலிப் பிரபுவின் மனைவி அன்னா மாசேனாவின் பேரை இதற்கு வைத்தார். அந்த அம்மாவுக்கும் சியாட்டிலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சொல்லப்போனால் இந்தப் பறவைக்கே சியாட்டிலோடு தொடர்பு இல்லாமல்தான் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது தெற்குக் கலிஃபோர்னியா, மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா என்று இதமான பக்கத்தில்தான் கூடு கட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் கலிஃபோர்னியாவில் மனிதர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸைக் கொண்டுவந்து நட்டார்கள், அது பூக்கும் காலமோ குளிர்காலம். வீட்டுத் தோட்டங்களும் பெருகின, ஃபீடர்களும் வந்தன. பறவை மெல்ல வடக்கே ஏறியது. 1940களில் கனடாவின் விக்டோரியா பக்கம் கண்ணில் பட்டது, 1960களில் சியாட்டிலுக்கு வந்தது, இன்றைக்குக் கனடாவின் வான்கூவர் நகரில் வருஷம் பூராவும் குடியிருக்கிறது. 2017இல் வான்கூவர் மக்கள் ஓட்டுப்போட்டு இதையே தங்கள் நகரப் பறவையாக்கிவிட்டார்கள். குடியேறி வந்தவருக்கு இவ்வளவு சீக்கிரம் குடியுரிமை கிடைத்த கதை வேறெதுவும் எனக்குத் தெரியாது!

"நீங்கள் ஃபீடர் மாட்டுவதால்தான் பாவம் அது தெற்கே போகாமல் இங்கேயே மாட்டிக்கொள்கிறது" என்று யாராவது ஒருவர் எப்போதும் சொல்வார். இது உண்மையில்லை. வலசை போகும் பறவையை வலசைக்குத் தள்ளுவது பெரும்பாலும் பகலின் நீளம் குறைவதும் அதன் உடம்புக்குள் ஓடும் கடிகாரமும்தான். இங்கேயே கோடையைக் கழிக்கும் ரூஃபஸ் ஓசனிச்சிட்டு, என் ஃபீடர் நிறைந்து வழிந்தாலும், கோடை முடியும் முன்பே மெக்சிகோவை நோக்கிக் கிளம்பிவிடும். அன்னா கிளம்பாததற்குக் காரணம், அது நீண்ட தூர வலசைப் பறவையே இல்லை என்பது. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2017இல் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் எம்மா கிரெய்க் குழுவினர், வீட்டு ஃபீடர்களைப் பார்த்து மக்கள் எழுதி அனுப்பிய பல வருஷக் குறிப்புகளை வைத்துப் பார்த்தபோது, இந்தப் பறவை வடக்கே பரவியது மக்கள் நெருங்கி வாழும் இடங்களோடும் ஃபீடர்களோடும் சேர்ந்தே நடந்திருப்பது தெரிந்தது. ஆக, ஒரு தனிப்பறவையை என் ஃபீடர் பிடித்து நிறுத்தவில்லை, ஆனால் இந்த இனம் இவ்வளவு குளிரான ஊரில் குடியிருப்பதில் என்னைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்களின் ஃபீடர்களுக்குப் பங்கு இருக்கிறது. ஃபீடரை மாட்டிவிட்டுக் கடுங்குளிர் வரும் வாரத்தில் மறந்துவிட்டு ஊருக்குப் போவது எனக்கு உறுத்துவது இதனால்தான்.

சரி, இரவுக் கதைக்கு வருவோம். பறந்துகொண்டிருக்கும்போது இந்தப் பறவையின் இதயம் நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் துடிக்கும். உடம்புச் சூடு 40 டிகிரி செல்சியஸ் பக்கம். இந்தச் சூட்டை வைத்துக்கொண்டு பதினாறு மணி நேரம் பட்டினி கிடந்தால் விடியும் முன்பே கையிருப்பு தீர்ந்துவிடும். அதனால் கடுங்குளிர் இரவுகளில் அது தன் உடம்பையே ஏறக்குறைய அணைத்து வைத்துவிடுகிறது. விஞ்ஞானிகள் டார்ப்பர் என்கிறார்கள். உடம்புச் சூடு சுற்றியுள்ள காற்றின் பக்கமாக இறங்கும், இதயத் துடிப்பு நிமிடத்துக்கு ஐம்பது சொச்சத்துக்குப் போய்விடும், செலவு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். ஆண்டிஸ் மலையில் வாழும் ஒரு ஓசனிச்சிட்டின் உடம்பு 3.3 டிகிரி வரைக்கும் இறங்கியதை 2020இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது. பறவைகளில் அதுவரை அளக்கப்பட்டதிலேயே அதுதான் மிகக் குறைவு.

விடியும் முன் அது நடுங்கி நடுங்கித் தன்னைத் தானே சூடாக்கிக்கொண்டு எழும். அதற்கு இருபது நிமிடமோ அதற்கு மேலோ ஆகும், மிச்சமிருக்கும் கொழுப்பும் அதிலேயே செலவாகும். அதாவது எழுந்து முதல் தடவை ஃபீடருக்கு வரும் அந்த நேரத்தில் பறவையின் கையில் சல்லிக்காசு இருக்காது. குளிர்காலத்தில் ஃபீடர் விஷயத்தில் நாம் செய்யும் எல்லாத் தப்பும் சரியும் இந்த ஒரு அரை மணி நேரத்தில்தான் வந்து நிற்கிறது.

தண்ணீர் செய்முறையில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு கப் வெள்ளைச் சீனிக்கு நாலு கப் தண்ணீர், கரையும்வரை கலக்க வேண்டும், அவ்வளவுதான். சிவப்புச் சாயம் வேண்டாம், ஃபீடரில் இருக்கும் சிவப்பே போதும். நம் ஆட்களுக்கு இங்கேதான் ஒரு சிக்கல் வரும். திருநெல்வேலியிலிருந்து அம்மா வந்திருந்தபோது ஒருநாள் நான் சீனியைக் கொட்டுவதைப் பார்த்துவிட்டு, "வெள்ளைச் சீனி வெசம்லா, பாவம் சின்னஞ்சிறு உசுரு, கருப்பட்டியக் கரைச்சு வையேன்" என்றாள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கருப்பட்டி, வெல்லம், நாட்டுச் சர்க்கரை இவற்றில் நாம் எதைச் சத்து என்று கொண்டாடுகிறோமோ அந்த இரும்புதான் இந்தப் பறவைக்கு ஆகாது. பூந்தேனில் இரும்பு மிகமிகக் குறைவு, அதைக் குடித்தே வளர்ந்த உடம்பு கூடுதல் இரும்பைத் தேக்கி வைத்துக்கொண்டு கெட்டுப்போகும். தேனும் வேண்டாம், தண்ணீர் கலந்த தேன் சீக்கிரம் புளிக்கும், பூஞ்சை பிடிக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கான இனிப்பூட்டியில் இனிப்பு உண்டு, சக்தி கிடையாது, அதைக் குடித்துப் பறவை பட்டினி கிடக்கும். பூந்தேனில் இருப்பது பெரும்பாலும் சுக்ரோஸ், கடைச் சீனியும் அதேதான். மற்ற சத்துக்கு அது கொசுவையும் சிலந்தியையும் பிடித்துத் தின்றுகொள்ளும், குளிர்காலத்திலும்கூட.

குளிர் கூடும்போது சீனியைக் கூட்டினால் உறையாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலுக்கு ஒன்று கலவை மைனஸ் ஒன்று, ஒன்றரை டிகிரியில் உறையத் தொடங்கும். மூன்றுக்கு ஒன்று என்று மாற்றினால் கிடைப்பது கூடுதலாக அரை டிகிரிகூட இல்லை. 2021 கிறிஸ்துமஸ் வாரத்தில் வான்கூவரில் மைனஸ் 15 வரைக்கும் போனது, அந்த மாதிரி நாளில் அரை டிகிரி என்ன செய்யும்? பறவைக்கு ஒரு வாய்க்குக் கொஞ்சம் கூடுதல் சக்தி என்ற காரணத்துக்காகக் கடுங்குளிர் நாட்களில் மட்டும் சிலர் மூன்றுக்கு ஒன்று வைக்கிறார்கள், அதில் தப்பில்லை. உறைவதைத் தடுக்க வேண்டுமென்றால் வெப்பம் கொடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

எளிமையான வழி இரண்டு ஃபீடர் வைத்துக்கொள்வது. ஒன்று வெளியே, ஒன்று சமையலறையில், ஒன்று உறைந்ததும் மாற்றிவிட வேண்டும். இரவில் உள்ளே எடுத்துவைத்து, வெளிச்சம் வருவதற்கு அரை மணி நேரம் முன்னால் வெளியே மாட்ட வேண்டும். அலாரம் வைத்து எழ முடியாதவர்கள் (என்னைச் சேர்த்து) ஃபீடருக்கு அடியில் ஒரு சின்ன குண்டு பல்பைக் கட்டிவிடலாம், ஏழு வாட் பதினைந்து வாட் போதும். பழைய கிறிஸ்துமஸ் விளக்குச் சரத்தை ஃபீடரைச் சுற்றிச் சுற்றி வைப்பவர்களும் உண்டு. எல்இடி பல்பு போட்டு ஏமாறாதீர்கள், அதில் வெளிச்சம் வரும், சூடு பேருக்குத்தான் இருக்கும். நான் அந்தத் தப்பைச் செய்து, ஜெகஜோதியாக ஒளிரும் ஐஸ் கட்டியை ஒருநாள் காலையில் பார்த்தேன். பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள் கையுறைக்குள் வைக்கும் வெப்பப் பொட்டலங்களை அடியில் ஒட்டுவதும் நடக்கிறது, கரண்டு போன நாளில் அதுதான் கைகொடுத்தது.

வெப்பம் கொடுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. ஐஸாகாமல், ஆனால் ஜில்லென்று நாலு டிகிரியில் இருக்கும் தண்ணீரைக் குடித்தால் பறவை அதை 40 டிகிரிக்குச் சூடாக்கியாக வேண்டும், சூடாக்கச் சக்தி வேண்டும். ஓசனிச்சிட்டுகளை வைத்தே இந்தச் செலவை அளந்த ஓர் ஆய்வு 2003இல் வந்திருக்கிறது. தோராயமாகப் பார்த்தால் நாம் வைக்கும் கலவையில் கிடைக்கும் சக்தியில் நூற்றுக்கு நாலைந்து இதற்கே போய்விடும். கலவை நீர்த்திருந்தால் இன்னும் அதிகம். நாலைந்து சதவீதம் நமக்கு அற்பம். விடியற்காலையில் கையில் ஒன்றுமில்லாமல் வந்து நிற்பவனுக்கு அப்படி இல்லை.

குளிர்காலத்தில் தண்ணீர் சீக்கிரம் கெடாது, அதனால் வாரம் ஒரு தடவை கழுவினால் போதும், ஆனால் பல்பு கட்டியிருந்தால் அது கோடைக் கணக்கு, மூன்று நாளைக்கு ஒரு தடவையாவது கழுவ வேண்டும். கலங்கலாகத் தெரிந்தால் நாள் கணக்கெல்லாம் பார்க்காமல் கொட்டிவிட வேண்டியதுதான்.

ஃபீடர் மட்டுமே கதி என்று பறவையை விடுவதும் எனக்குச் சம்மதமில்லை. மஹோனியா என்றொரு புதர் இருக்கிறது, முள்ளிலை, மஞ்சள் பூங்கொத்து, நவம்பரிலிருந்து ஜனவரி வரைக்கும் பூக்கும். சியாட்டிலின் வாஷிங்டன் பார்க் தாவரவியல் பூங்காவில் குளிர்காலத் தோட்டம் என்றே ஒரு பகுதி உண்டு, அங்கே மஹோனியா பூத்திருக்கும்போது பத்து நிமிடம் நின்றால் அன்னா கண்ணில் படாமல் போகாது. படம் எடுக்கப் பழகுகிறவர்களுக்கு ஃபீடரைவிட இதுவே நல்ல இடம் என்பேன், சிவப்பு பிளாஸ்டிக் படத்தில் வராது.

படம் என்றதும் எல்லோரும் கேட்பது அந்த நிறத்தைத்தான். ஆண் அன்னாவின் தொண்டையும் நெற்றியும் உச்சந்தலையும் ரோஜாச் சிவப்பில் எரியும். நீங்கள் எடுத்த படத்திலோ தலை முழுக்கக் கரி பூசியது போல இருக்கும். கேமரா மோசம் என்று நினைக்க வேண்டாம். அந்த இறகில் சிவப்புச் சாயம் கிடையாது. இறகுக்குள் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும் மிக நுண்ணிய, உள்ளே காற்றுக் குமிழிகள் கொண்ட மெலனின் தகடுகளில் பட்டு ஒளி திரும்பும்போது குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் அந்த நிறம் பிறக்கிறது. கோணம் தப்பினால் கறுப்பு. எனவே வெளிச்சம் எவ்வளவு என்பதைவிட எங்கிருந்து என்பது முக்கியம். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால், பறவை உங்களைப் பார்த்தபடி, இதுதான் வேண்டும். இங்கே குளிர்காலம் நமக்கு ஒரு சலுகை தருகிறது. டிசம்பரில் சியாட்டிலின் நடுப்பகல் சூரியன்கூட அடிவானத்திலிருந்து 19 டிகிரி உயரம்தான் ஏறும். கோடையில் காலையிலும் மாலையிலும் மட்டும் கிடைக்கும் சாய்ந்த வெளிச்சம், மேகம் விலகினால், இப்போது நாள் முழுக்கக் கிடைக்கும். (மேகம் விலகுவது என்பது இந்த ஊரில் பெரிய நிபந்தனை.)

ஆண் பறவைக்கு இந்தக் கோணக் கணக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். பெட்டையைக் கவர அது முப்பது மீட்டர் உயரம் ஏறி நேராகக் கீழே பாயும், மணிக்கு 90 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில், பாயும் கோட்டை வெயிலைப் பார்த்து அமைத்துக்கொள்ளும். அடியில் வளைந்து திரும்பும்போது கீச்சென்று ஒரு சத்தம் வரும். அது தொண்டையிலிருந்து வருவதில்லை, விரித்த வால் இறகு காற்றில் அதிர்வதால் வருவது என்று கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோஃபர் கிளார்க்கும் தெரேசா ஃபியோவும் 2008இல் நிறுவினார்கள். இந்தப் பாய்ச்சலைப் படமெடுக்க முயன்று நான் எடுத்தது எல்லாம் வெறும் வானம்.

உட்கார்ந்திருக்கும் பறவையை எடுப்பதுதான் குளிர்காலத்துக்கு ஏற்றது. ஆண் தன் ஃபீடரைக் காவல் காக்கும் ஜாதி. ஃபீடரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஒரு காய்ந்த குச்சியை நட்டு வையுங்கள், இரண்டு நாளில் அதன் காவல் கோபுரம் அதுதான். பின்னால் என்ன இருக்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கம் என்பதைப் பார்த்துக் குச்சியின் இடத்தை நீங்களே முடிவு செய்யலாம், கண்ணில் ஃபோகஸ் வைத்துக் காத்திருக்கலாம். உட்கார்ந்திருந்தால் நொடியில் 250இல் ஒரு பங்கு ஷட்டர் வேகம் போதும். பறக்கும்போது இறக்கை நொடிக்கு நாற்பது ஐம்பது தடவை அடிக்கும், அதை ஓரளவு நிறுத்த 2500இல் ஒரு பங்காவது வேண்டும். மந்தமான டிசம்பர் வெளிச்சத்தில் அதற்கு ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) 3200, 6400 என்று ஏற்ற வேண்டிவரும், ஏற்றுங்கள், புள்ளி விழுந்த கூர்மையான படம் வழவழப்பான மங்கல் படத்தைவிட மேல். பின்னணி முழுக்கப் பனி என்றால் கேமரா ஏமாந்து எல்லாவற்றையும் சாம்பலாக்கிவிடும், எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், கூட்டி வையுங்கள்.

யாரும் எனக்குச் சொல்லாத ஒன்று: வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும்போது ஜன்னலைத் திறந்து அதன் வழியே எடுத்தால் எல்லாப் படமும் சற்றே குழைந்து வரும். சூடான காற்று வெளியே பாய்ந்து குளிர்ந்த காற்றோடு கலக்கும் இடத்தில் ஒளி வளைகிறது, தார்ச்சாலையில் கானல் தெரிவது போலத்தான். லென்ஸ் பழுது என்று நினைத்து ஒரு கடைக்காரரோடு நான் அரை மணி நேரம் வாதாடியிருக்கிறேன். ஒன்று கண்ணாடியைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு மூடியபடியே எடுங்கள், இல்லையென்றால் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வெளியே போங்கள். திரும்பி வரும்போது கேமராவைப் பைக்குள்ளேயே மூடி ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் வேர்த்துவிடும்.

ஆனால் விடியலின் முதல் அரை மணி நேரத்தில் நான் கேமராவோடு வெளியே போவதில்லை. ஃபீடருக்கும் பறவைக்கும் நடுவில் ஒரு ஆள் நின்றால் அது ஐந்து நிமிடம் தயங்கும், அந்த ஐந்து நிமிடத்துக்கு அதன் கையில் ஏது காசு? சில நாள் ஃபீடரின் கம்பியைப் பிடித்தபடி தலைகீழாகத் தொங்கும், செத்துவிட்டது போல இருக்கும். இன்னும் டார்ப்பரிலிருந்து எழவில்லை, அவ்வளவுதான். அதை எடுத்துக் கையில் வைத்துப் படமெடுத்துப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தொடாமல் விட்டால் தானாகச் சூடேறிப் பறந்துவிடும். நன்றாக விடிந்து வெகுநேரமாகியும் அசையவில்லை, கீழே விழுந்துவிட்டது என்றால் மட்டும், காற்றோட்டமுள்ள ஒரு அட்டைப்பெட்டியில் வைத்துக் காட்டுயிர் மறுவாழ்வு மையத்தைக் கூப்பிட வேண்டும்.

கூட்டின் பக்கம் போவதும் அப்படித்தான். மற்றப் பறவைகள் பனியில் ஒடுங்கிக் கிடக்கும் பிப்ரவரியிலேயே பெட்டை அன்னா சிலந்தி வலையும் பாசியும் கொண்டு அக்ரூட் கொட்டை அளவுக்கு ஒரு கூட்டைக் கட்டி இரண்டு முட்டையில் உட்கார்ந்துவிடும். ஆண் உதவிக்கு வராது, அவள் எழுந்து போகும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை குளிரும். இந்தக் கூட்டின் மதிப்பு என்னவென்றால், 2021 ஏப்ரலில் வான்கூவரை ஒட்டிய பர்னபியில் டிரான்ஸ் மவுண்டன் எண்ணெய்க் குழாய்க்காக மரம் வெட்டிக்கொண்டிருந்த வேலையைக் கனடா அரசின் சுற்றுச்சூழல் துறை நிறுத்திவைத்தது, வலசைப் பறவைச் சட்டத்தின் கீழ், ஓசனிச்சிட்டின் கூடுகள் அங்கே இருந்ததால். ஆகஸ்டு வரைக்கும் அந்தப் பகுதியில் ரம்பம் ஓடவில்லை.

மார்ச்சில் சிவப்புப் பூ பூக்கும் காட்டுக் கரன்ட் (currant) புதர்கள் பூக்க ஆரம்பிக்கும், மெக்சிகோவிலிருந்து ரூஃபஸ் திரும்பி வரும். வந்த முதல் நாளே, குளிர்காலம் முழுக்க ஆண் அன்னா காவல் காத்த ஃபீடரைப் பிடுங்கிக்கொள்ளப் பார்க்கும். அதற்குள் நான் பல்பைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவேன், இரண்டாவது ஃபீடரை வீட்டின் மறுபக்கத்தில், முதலாவது கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மாட்டுவேன். ஏழு வாட் குண்டு பல்பு இப்போதெல்லாம் கடையில் எளிதாகக் கிடைப்பதில்லை. பழைய சாமான் கடையில் கிறிஸ்துமஸ் விளக்குச் சரம் எங்கே கண்டாலும், வேலை செய்கிறதா என்றுகூடப் பார்க்காமல் வாங்கிவிடுகிறேன்.